பதிவோடு சேர்கிறது, நண்பரோடு ஏன் சேர மாட்டேன் என்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து வருடமாகப் புல்லாங்குழல் கற்கிறீர்கள். சுருதிப்பெட்டியும், சீராகத் தட்டிக் காலம் காட்டும் மெட்ரோனோமும் வைத்துக்கொண்டு வீட்டில் தனியாகச் சாதகம் செய்கிறீர்கள். கைபேசியில் பாட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்தால் கடைசி வரை விலகாமல் போகிறது. கிட்டார் வாசிக்கும் நண்பரோடு உட்கார்ந்தால் மட்டும் இரண்டாவது நிமிடத்துக்குள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறீர்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டுவிட்டு, கடைசியில் போகிறபோக்கில் "எனக்குத் தாளமே இல்லையோ?" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். உங்களை உறுத்துவது அந்த வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் வயலின் வாசிக்கிறவன். 26 வருடமாகப் பக்கவாத்தியம்தான் தொழில். குழலில் உதடு வைப்பது, மூச்சுப் பிரிப்பது பற்றியெல்லாம் நான் சொல்லக் கூடாது, அதை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். இன்னொருவரோடு சேர்ந்து வாசிப்பது பற்றி மட்டும் சொல்கிறேன்.

தாளம் இருக்கிறதா என்பதை ஐந்தே நிமிடத்தில் சோதித்துவிடலாம். நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, அதோடு கையில் தாளம் போடுங்கள். சீராக வந்ததும் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு, தாளத்தை நிறுத்தாமல் மனதுக்குள் பாடிக்கொண்டே நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு முழுத் தாளச் சுற்று, போங்கள். பிறகு சத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். உங்கள் கையும் பாட்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் இருந்தால் தாளத்தில் குறை இல்லை. அரைத் தட்டுக்கு மேல் தள்ளிப் போயிருந்தால் உள்ளே ஓடும் காலப்பிரமாணம், அதாவது வேகத்தின் சீர், இன்னும் கெட்டிப்படவில்லை, அதற்குத் தனிச் சாதகம் வேண்டும். ஆனால் ஐந்து வருடம் மெட்ரோனோமோடு பழகியவர் இதில் தேறிவிடுவார் என்றே நினைக்கிறேன். உங்கள் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

பதிவு உங்களைக் கேட்பதில்லை. நீங்கள் தடுமாறினாலும் முந்தினாலும் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். ஆகவே அதோடு வாசிக்கும்போது விலகலைச் சரிசெய்யும் வேலை முழுவதும் உங்களுடையது. ஐந்து வருடமாக அந்த வேலையை நன்றாகவே பழகியிருக்கிறீர்கள். உங்கள் நண்பரும் அவர் வீட்டில் அதையேதான் பழகியிருப்பார். இப்போது இருவரும் எதிரெதிரே உட்காருகிறீர்கள். நீங்கள் 40 மில்லிசெகண்ட், அதாவது ஒரு செகண்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு, பின்தங்குகிறீர்கள் என்று வையுங்கள். அடுத்த தட்டில் நீங்கள் 40-ஐயும் எட்டிப்பிடிக்கிறீர்கள். அவரும் உங்களுக்காக 40 நின்று வருகிறார். விளைவு, இப்போது நீங்கள் 40 முந்தி நிற்கிறீர்கள். அடுத்த தட்டில் இருவரும் திரும்பச் சரிசெய்ய, பழைய இடத்துக்கே வந்துவிடுகிறீர்கள். குறுகலான வழியில் எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிடப் போய், இரண்டு பேரும் ஒரே பக்கம் ஒதுங்கி, சிரித்துக்கொண்டே மறுபக்கமும் சேர்ந்தே ஒதுங்குவார்களே, அதுதான் இது. யாரிடமும் தப்பு இல்லை. இரண்டு பேருமே நல்லவர்களாக இருப்பதுதான் பிரச்சினை.

ஆளுக்குப் பாதி சரிசெய்தால், 20-ம் 20-ம் சேர்ந்து ஒரே தட்டில் கணக்குத் தீர்ந்துவிடும். அல்லது ஒருவர் அசையாமல் இருந்து மற்றவர் முழுவதையும் சரிசெய்தாலும் தீரும். 20 மில்லிசெகண்டை யாரும் யோசித்து அளந்து வாசிக்க முடியாது, சரி. ஆனால் இந்த இடத்தில் யார் பிடித்துக்கொள்வது, யார் சேர்ந்துகொள்வது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள முடியும். அனுபவசாலிகள் இதைப் பேசாமலே செய்துவிடுகிறார்கள். புதிதாகச் சேருகிறவர்கள் வாய்விட்டுப் பேசித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் இதே அளவுக்கு உறுதியாகச் சொல்லலாம். ஒரு சத்தத்தைக் கேட்டு உடனே கையை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ 150 மில்லிசெகண்ட் ஆகும். தேர்ந்த கலைஞர்கள் சேர்ந்து வாசிக்கும்போது அவர்களுக்குள் இருக்கும் விலகலை அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் 30 முதல் 50 மில்லிசெகண்டுக்குள்தான் வருகிறது. அப்படியென்றால் யாரும் மற்றவர் வாசித்ததைக் கேட்ட பிறகு வாசிக்கவில்லை. அடுத்தது எப்போது வரும் என்று முன்பே தெரிந்து, அந்த இடத்துக்குக் கையைக் கொண்டுபோய் வைக்கிறார்கள். கேட்பது, அதற்கு அடுத்த தட்டைத் திருத்திக்கொள்ள. "அவர் ஸ்ட்ரம் செய்ததும் நான் ஊதுகிறேன்" என்று உட்கார்ந்தால் எந்நாளும் பின்னால்தான் இருப்பீர்கள். உங்களுக்குக் கூடுதலாக ஒரு தொல்லையும் உண்டு. கிட்டார் தந்தியை மீட்டிய கணமே சத்தம் முழுதாக எழுந்துவிடும். குழலில் மூச்சு போய், காற்றுத்தூண் அதிர ஆரம்பித்து, ஸ்வரம் கேட்க ஒரு நொடித்துளி கூடுதலாகப் பிடிக்கும், கீழ் ஸ்தாயியில் இன்னும் அதிகம். ஆகவே நீங்கள் தட்டுக்கு ஒரு மயிரிழை முன்னால் தொடங்கினால்தான் கேட்கிறவர் காதில் அது தட்டில் விழும். பதிவோடு வாசிக்கும்போது கிடைத்த பழக்கம் இதற்கு எவ்வளவு உதவுகிறது என்பதை உங்கள் வாசிப்பைக் கேட்காமல் சொல்ல முடியாது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு வருவோம். முதல் நாள் பாட்டே வேண்டாம். ஒரே ஒரு ஸ்வரம் போதும். முதலில் குழலை ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறும். அரை ஸ்வரம் என்பது 100 சென்ட். ஐந்து டிகிரி ஏறினால் 15 சென்ட், காதுக்கு நன்றாகவே தெரியும். குளிர்ந்த குழலுக்குக் கிட்டாரைச் சேர்த்துவிட்டு, மூன்றாவது பாட்டில் "கிட்டார் இறங்கிவிட்டது" என்று சண்டை போடும் ஜோடிகளைப் பார்த்திருக்கிறேன். மூங்கில் குழலின் அடிப்படைச் சுருதியைத் திருக முடியாது. எனவே கிட்டார்தான் குழலுக்குச் சேர வேண்டும், தேவைப்பட்டால் கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட்டுக்கொள்ளட்டும்.

அப்புறம் இருவரும் ஒரே ஸட்ஜத்தை, அதாவது அடிப்படை ஸ்வரமான 'ஸ'வை, நீளமாக வாசித்துக் காது கொடுங்கள். சிறிது விலகியிருந்தால் சத்தம் அலை அலையாக ஏறி இறங்கும். ஒருவர் 440 ஹெர்ட்ஸிலும் மற்றவர் 442-லும் இருந்தால் செகண்டுக்கு இரண்டு அலை. சேரச் சேர அலை மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். அந்த நிற்கிற இடத்தை இருவரும் ஒரே சமயத்தில் கண்டுகொள்வதுதான் நீங்கள் சேர்ந்து வாசிக்கும் முதல் இசை. எனக்குத் தெரிந்து நிறையப் பேர் டியூனர் செயலியின் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள். டியூனர் உங்களைத் தனித்தனியாகத்தான் சரிபார்க்கும். ஒருவரையொருவர் கேட்பதை அது சொல்லித் தராது. காந்தாரத்தில், அதாவது 'க'வில், ஒரு சின்ன முரண்டு வரும், பயப்பட வேண்டாம். சுருதிப்பெட்டியோடு பழகிய காது அந்தர காந்தாரத்தை (மேலே இருக்கும் 'க'வை) ஸட்ஜத்துக்கு மேல் 386 சென்ட்டில் வைக்கத் தேடும். கிட்டாரின் கழுத்தில் பதித்த கட்டைகள் (ஃப்ரெட்) அதை 400-ல் வைத்திருக்கின்றன. கட்டையை நகர்த்த முடியாது, உங்கள் உதட்டைத் திருப்ப முடியும். அவர் அதே ஸ்வரத்தை வாசிக்கும்போது நீங்கள் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள், நீங்கள் தனியாக நிற்கும் இடத்தில் உங்கள் காது சொல்கிறபடி செய்யுங்கள்.

சுருதி சேர்ந்ததும் அதே ஸ்வரத்தை ஒன்றாகத் தொடங்கிப் பழகுங்கள். "ஒன், டூ, த்ரீ, ஃபோர்" என்று வாயால் எண்ணுவதை இரண்டாவது நாளோடு விட்டுவிடுங்கள். குழல்காரருக்கு இயற்கையே ஒரு சைகை கொடுத்திருக்கிறது, மூச்சு. ஒரு தட்டுக்கு முன்னால் மூச்சை இழுக்க வேண்டும், அந்த இழுப்பு எவ்வளவு நீளமோ அதுதான் காலம். அவசரமாக இழுத்தால் நண்பர் துரித காலம் என்று நினைப்பார். நிதானமாக இழுத்தால் விளம்பம் என்று புரிந்துகொள்வார். தலையும் லேசாக மேலே போய் இறங்கட்டும். பியானோக்காரர்களை இருவர் இருவராக வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் வாசிப்பது மற்றவர் காதில் விழாதபடி குறைக்கக் குறைக்க, அவர்கள் தலை அசைவு இன்னும் அதிகமாக ஒத்துப் போனது. காது கைவிட்டால் கண் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. ஆனால் கண்ணும் எதையாவது பார்க்க வேண்டுமே. பக்கத்துப் பக்கத்தில் நேராக உட்காராமல் கொஞ்சம் திரும்பி, அவருடைய வலது மணிக்கட்டும் உங்கள் முகமும் ஒருவருக்கொருவர் தெரிகிற மாதிரி உட்காருங்கள்.

அடுத்தது எட்டுத் தட்டு. அவர் நான்கு ஆவர்த்தனம் வெறுமே தட்டுக்கு ஒரு ஸ்ட்ரம் போடட்டும், நீங்கள் தட்டுக்கு ஒரு ஸ்வரம் ஊதுங்கள். பிறகு அவர் ஒரு ஆவர்த்தனம் முழுக்க நிறுத்திவிட வேண்டும், நீங்கள் போய்க்கொண்டே இருக்க வேண்டும். அவர் சமத்தில், அதாவது அடுத்த சுற்றின் முதல் தட்டில், திரும்ப வந்து விழ வேண்டும். அடுத்து நீங்கள் நிறுத்துங்கள். கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள். நிறுத்தியவர் திரும்ப வரும்போது பெரும்பாலும் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடுவார். மௌனத்தை நாம் எல்லோருமே அவசரமாகத்தான் எண்ணுகிறோம்.

ஓட்டம் பற்றி ஒரு சொந்தக் கதை சொல்கிறேன். எனக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது வீணை வாசிக்கும் ஒரு நண்பனோடு தினமும் சாயங்காலம் சேர்ந்து வாசிப்பேன். ஒரு வாரம் முழுக்க ஒரே சண்டை. "ஓடுறேடா" என்பான் அவன். "நீ துரத்துறே, நான் என்ன பண்றது" என்பேன் நான். கடைசியில் ஒரு கேஸட் ரெக்கார்டரை நடுவில் வைத்துப் பதிவு செய்தோம். ஓடவிட்டு இருவரும் தொடையில் தாளம் போட்டோம். ஆரம்பித்தபோது நிமிடத்துக்கு 72 தட்டு, முடிக்கும்போது 84. யார் ஓட்டியது என்று தேடினோம், கண்டுபிடிக்க முடியவில்லை. அவன் ஒரு சங்கதியில் (ஒரே வரியை மாற்றி வாசிக்கும் இடத்தில்) துளி முந்துகிறான், நான் எட்டிப்பிடிக்கும்போது துளி தாண்டுகிறேன், அவன் என்னை எட்டிப்பிடிக்கிறான். துளித்துளியாக இருவரும் சேர்ந்தே ஏற்றியிருந்தோம். பக்கத்தில் மிருதங்கத்துக்கு வார் பிடித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் முந்தினவனைத்தான் பாக்குறீங்க, பிந்தினவனுக்காக எவனும் நிக்கலையே" என்றார். பின்னாளில் சோதனைக்கூடத்திலும் இதையே பார்த்திருக்கிறார்கள். தனியாகத் தட்டச் சொன்னால் ஒரே காலத்தில் தட்டுகிறவர்கள், இரண்டு பேராகச் சேர்ந்து தட்டும்போது வேகமெடுக்கிறார்கள். ஆகவே உங்கள் ஜோடியும் ஓடும், எதிர்பார்த்தே உட்காருங்கள். அதை நிறுத்த எனக்குத் தெரிந்த ஒரே மருந்து, விலகல் தெரிந்தால் பிந்தியவர் பக்கம் போய்ச் சேருவது என்று இருவரும் ஒப்புக்கொள்வதுதான்.

மூன்றாவது வாரம் பாட்டுக்குப் போகலாம். நோட்டேஷன் தெரியாது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். தேவையே இல்லை. ஒரு தாளில் நான்கு இடங்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். பல்லவி திரும்பும் இடம், கிட்டார் தனியாகப் போகிற இடம் முடியும் தட்டு, மேல் ஸட்ஜத்துக்கு ஏறும் வரி, கடைசி வரி, இப்படி. இவை சந்திக்கும் இடங்கள். ஒரே சட்டம்: யார் தொலைந்தாலும் நிறுத்தக் கூடாது, திரும்பப் பின்னால் போகக் கூடாது. தொலைந்தவர் வாத்தியத்தைக் கீழே இறக்கி, கையில் தாளம் போட்டுக்கொண்டே அடுத்த சந்திக்கும் இடத்தில் நுழைய வேண்டும். தனியாகச் சாதகம் செய்கிறவர்களுக்கு இது மிகவும் கஷ்டம். தப்பு வந்ததும் நின்று, அந்த வரியைத் திரும்ப வாசித்துச் சரிசெய்வதுதானே சாதகம்? அது நல்ல பழக்கம்தான், ஆனால் சேர்ந்து வாசிக்கும் நேரத்தில் அது விஷம். நீங்கள் அரை ஆவர்த்தனம் பின்னால் போய் அந்தப் பிசகைத் திருத்தும்போது நண்பர் அரை ஆவர்த்தனம் முன்னால் போயிருப்பார். இரண்டாவது நிமிடத்தில் பிரிகிறோம் என்கிறீர்களே, பத்தில் ஏழு பங்கு அங்கே நடப்பது இதுவாகத்தான் இருக்கும். இது என் ஊகம், ஒரு முறை பதிவு செய்து கேட்டால் தெரிந்துவிடும்.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. அவர் ஸ்ட்ரம் உங்களுக்குக் கேட்கவில்லை என்றால், அவரைக் கூட்டி வாசிக்கச் சொல்வதற்கு முன் நீங்கள் அடக்கி வாசித்துப் பாருங்கள்.

அவருடைய பங்கை நீங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டுமா என்பதில் எனக்கு முன்பிருந்த அளவுக்கு நிச்சயம் இப்போது இல்லை. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் எல்லோரும், "பாடுகிறவர் பாட்டு முழுக்க உனக்கு மனப்பாடமாக இருக்கணும்" என்றுதான் சொன்னார்கள். நானும் அப்படியே சொல்லி வந்தேன். ஆனால் பியானோ ஜோடிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், மற்றவர் பங்கையும் வீட்டில் வாசித்துப் பழகி வந்தவர்கள் தொடக்கத்தில் தட்டுக்குத் தட்டு அதிகம் விலகினார்கள். பழகாமல் வந்தவர்கள் அவர்களைவிடச் சேர்ந்து போனார்கள். காரணம் என்னவென்று யோசித்தால், என் அனுபவத்தோடு ஒத்துத்தான் போகிறது. வீட்டில் பழகும்போது நான் அதை என் பாணியில் வாசிக்கிறேன். மேடையில் அவர் அவர் பாணியில் வாசிப்பார். என் காது அவரைக் கேட்காமல், என் மனதில் ஓடுவதைக் கேட்கிறது. இன்னொரு சோதனையில் கலைஞர்கள் மற்றவர்கள் பதிவைவிடத் தங்கள் சொந்தப் பழைய பதிவோடுதான் மிக நெருக்கமாகச் சேர்ந்து வாசித்தார்கள் என்பதும் இதையேதான் காட்டுகிறது. ஆகவே இப்போது நான் சொல்வது இது: அவர் கார்டு (சேர்த்து மீட்டும் ஸ்வரக் கூட்டு) எங்கே மாறுகிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள், வாயால் முனகிப் பாருங்கள், ஆனால் அவர் வாசித்துக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டின் மூலப் பதிவை வைத்து மனப்பாடம் செய்துவிட்டு, அவர் அதிலிருந்து மாறும்போதெல்லாம் முகம் சுளிக்காதீர்கள்.

சேர்ந்து வாசிக்கும்போதும் மெட்ரோனோம் வைக்கலாமா என்பதிலும் என் தொழிலில் இருப்பவர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. என் கட்சி, வேண்டாம் என்பது. அதை நடுவில் வைத்தால் இருவரும் தனித்தனியாக அதனோடு சேருவீர்கள், மறுபடி பதிவுப் பழக்கம்தான். ஓட்டம் எங்கே என்று கண்டுபிடிக்க மட்டும், வாசித்து முடித்த பதிவுக்கு எதிராக அதைப் போட்டுப் பாருங்கள். எத்தனை நாளில் பிடிபடும் என்று கேட்டால், நான் பார்த்தவர்களில் சிலருக்கு ஒரு மாதத்தில் வந்திருக்கிறது, என்னைவிட நன்றாக வாசிக்கிற ஒருவருக்கு ஒரு வருடம் ஆனது. தனியாக மிக நன்றாக வாசிக்கிறவர்களுக்குத்தான் அதிக நாள் பிடிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

நண்பர் அடுத்த மாதம் வேறு ஊர் போகிறார், வீடியோ அழைப்பில் தொடரலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க அது உதவாது. எதிரெதிரே இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் சத்தம் உங்களை வந்தடைய 6 மில்லிசெகண்ட் ஆகிறது. ஏறத்தாழ 25, 30-ஐத் தாண்டினாலே காலம் இழுக்க ஆரம்பித்துவிடும், ஏனென்றால் ஒவ்வொருவரும் மற்றவர் பிந்துவதாக எண்ணி நின்று நின்று போவார். சாதாரண வீடியோ அழைப்பில் தாமதம் 100-க்கு மேல் சர்வசாதாரணம். அதோடு இருவரும் ஒரே சமயத்தில் சத்தம் எழுப்பினால் செயலி ஒருவரை அமுக்கிவிடும். அதற்குப் பதில் பதிவை மாற்றி மாற்றி அனுப்புங்கள். ஒரு முறை அவர் முதலில் பதிவு செய்யட்டும், தொடக்கத்தில் கிட்டார் பலகையில் ஒரு ஆவர்த்தனம் வெறும் தட்டல் வைத்து. நீங்கள் அதன்மேல் ஊதி அனுப்புங்கள். அடுத்த முறை நீங்கள் முதலில், அவர் உங்கள்மேல். முதலில் பதிவு செய்கிறவர் காதில் எதிராளி இருக்க மாட்டார், ஆகவே அவரை மனதில் வைத்துக்கொண்டு, அவர் மூச்சு விட இடம் விட்டு வாசிக்க வேண்டியிருக்கும். குழல் முதலில் பதிவு செய்யும்போது இது நன்றாகவே வெளிப்படும். கிட்டார் தனியாகப் போகிற அந்த ஆவர்த்தனங்களை நீங்கள் பேசாமல் எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எண்ணியது சரியா என்று அவர் வாசித்து அனுப்பும்போதுதான் தெரியும்.